ராயபுரத்தில் ஒரு கதையைத் திருத்தினேன்

பினாங்கிலிருந்து நான் மெட்ராசுக்கு வந்தது கோயில் பார்க்கவும் இல்லை, உறவு தேடவும் இல்லை. எழுத்து வாங்க வந்தேன். எங்கள் அச்சாபீசில் இருந்த தமிழ் எழுத்துகள் யுத்தத்துக்கு முன்னால் வார்த்தவை. ஜப்பான்காரன் காலத்தையும் தாண்டி உழைத்துத் தேய்ந்துபோனவை. எங்கள் பத்திரிகையில் ஒரு பக்கம் படித்தால் கண்ணில் நீர் வரும், அது விஷயத்தின் உருக்கத்தால் அல்ல. ராயபுரத்தில் உள்ள ஒரு வார்ப்புச்சாலையில் புது எழுத்து வார்த்து வாங்கி வா என்று முதலாளி என்னைக் கப்பலேற்றினார்.

நான் அங்கே பதினைந்து வருஷமாகப் புரூப் திருத்துகிறவன். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துச் சோறு தின்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். திரும்பி வந்ததும் பயணத்தைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். எழுதுகிறேன். ஆனால் இதில் மெரினாவும் மியூசியமும் இல்லை. ராயபுரத்து மாடி ஒன்றில் சிங்காரவேலு என்பவர் எழுதியதை நான் திருத்தினேன். அவர் இன்று உயிரோடு இல்லை. எனக்கு எழுதத் தெரிந்தது அவ்வளவுதான்.

தங்குவதற்கு முதலாளி ஏற்பாடு செய்திருந்த இடம் பால்துரை அண்ணாச்சியின் மண்டி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். கருப்பட்டியும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம். கீழே மூட்டைகள், பின்கட்டில் எனக்கு ஓர் அறை. முதல் நாள் காலையில் கண் விழித்ததே தும்மலோடுதான். மிளகாய் நெடி, அதற்கு மேல் கருவாட்டு வாசனை, அதற்கும் மேல் ரயில் எஞ்சின் கரிப்புகை. துறைமுகம் பக்கத்தில் இருக்கும் ஊர்களெல்லாம் ஒரே மாதிரி நாறும் என்று நினைத்திருந்தேன். பினாங்கு நாற்றம் எனக்குப் பழகியது, இது பழகவில்லை, வித்தியாசம் அவ்வளவே.

ரேஷன் அரிசிச் சோறு. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டதில் அரை மணி நேரம் போயிற்று. காபியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் வெண்ணெய் போட்டு வறுத்த கறுப்புத் தண்ணீரைக் காபி என்று குடித்துப் பழகியவனுக்கு, பித்தளை டம்ளரில் நுரையோடு வந்த அந்தக் காபி மரியாதை செய்வது போல இருந்தது.

வார்ப்புச்சாலைக்காரர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். ஈயம் வரவில்லை. இரண்டு வாரமாகும் என்றார். நான் சண்டை போட்டேன். அவர் மோர் கொடுத்தார். இந்த ஊரில் சண்டை இப்படித்தான் முடிகிறது.

மறுநாள் கோட்டைப் பக்கம் போய்ப் பார்க்கலாமென்று டிராம் ஏறினேன். பாதி வழியில் மேலே இருந்த கம்பு கம்பியை விட்டு நழுவிவிட்டது. கண்டக்டர் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து அதை மாட்டப் பார்க்கிறார், அது தீப்பொறி விட்டுத் துள்ளுகிறது. வண்டிக்குள்ளிருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "லெஃப்ட்ல வாங்கு நைனா", "அத்த இன்னாத்துக்கு இஸ்துகினு கீற, மெதுவா வுடு". நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார் எந்த ஊரு? இம்மாம் சுத்தமா பேசறே" என்றார். மலாயா என்றேன். பத்திரிகை ஆபீஸ் என்றும் சொல்லித் தொலைத்தேன். அவர் கம்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பெயர் வரதன். அவர்தான் என்னை அந்த வகுப்புக்கு இழுத்துப் போனவர். எங்கே என்று பார்த்தால் நான் தங்கியிருந்த மண்டியின் மாடியே! அண்ணாச்சியின் தங்கை ஞானம் டீச்சர் அங்கே வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, மாலை ஆறு மணிக்கு எழுத்து வகுப்பு நடத்துகிறார். முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்த படி. கடிதம் எழுதத் தெரிந்தாயிற்று, இனி மனதில் இருப்பதை எழுதிப் பார்க்கலாம் என்று டீச்சர் ஆரம்பித்ததாம். டிராம்காரர், மில்லில் நூல் சுற்றும் இரண்டு பெண்கள், தையல்காரர் ஒருவர், ரயில்வே கேட்மேன், இரும்புக் கம்பெனிக் கலாசி ஒருவர். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். வருஷ முடிவில் எல்லாருடைய எழுத்தையும் சேர்த்துக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று தைப்பதாகத் திட்டம்.

அங்கே இரண்டு வழக்கங்கள். ஒருவர் படித்து முடித்ததும் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு கை கொடுக்க வேண்டும். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது நின்றவன் போனவன் எல்லாம் ஒரு கை போடுவானே, அதுபோல ஆளுக்கு ஒரு திருத்தம். எழுதியவர் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழக்கம், எழுதியது நடந்ததா என்று யாரையும் கேட்கக் கூடாது. அதற்குக் காரணம் டீச்சரே சொன்னார். ஆரம்பத்தில் ஒரு பெண் தன் கதையில் புருஷனிடம் அடி வாங்குகிறவளைப் பற்றி எழுதினாளாம். யாரோ ஆத்திரம் தாங்காமல், "உன் வூட்டுக்காரனா?" என்று கேட்டுவிட்டார். அவள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனவள்தான், பிறகு வரவேயில்லை. "அன்னைக்கே சட்டம் போட்டாச்சு சார். கேட்டா மனுசங்க வாயை மூடிக்கிடுவாங்க. கேக்கலேன்னா கொட்டிருவாங்க" என்றார்.

நல்ல சட்டம் என்றே எனக்கும் பட்டது. இத்தனை அன்பாக ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர்களை நாங்கள் நடத்தும் லட்சணம் எனக்குத் தெரியும். இங்கே தையல்காரர் தன் தாயைப் பற்றி நாலு வரி எழுத்துக் கூட்டிப் படித்தார். கேட்மேன் அழுதுவிட்டார். நான் கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னேன், பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக.

சனிக்கிழமை சிங்காரவேலு படித்தார். நாற்பது வயது இருக்கும். காசிமேட்டுக் குப்பத்தில் கடல் தொழில் செய்யும் குடும்பம். அண்ணன் தம்பிகள் கட்டுமரத்தில் போகிறார்கள், இவர் மட்டும் காலடிப்பேட்டை தாண்டி ஒரு இரும்புக் கம்பெனியில் கலாசி. கிரேன் தூக்கும் பாரத்துக்குச் சங்கிலி கட்டுவது அவர் வேலை. பெரிய கை, பென்சில் அதற்குள் காணாமல் போயிருந்தது. நின்றுகொண்டுதான் படிப்பேன் என்று நின்றார்.

அவர் எழுதியது எனக்கு அநேகமாக வரி வரியாக நினைவிருக்கிறது. "இந்தச் சங்கிலிக்கு நம்பர் உண்டு" என்று ஆரம்பித்து நம்பரைச் சொன்னார். "நுனியிலிருந்து பதிமூணாவது கண்ணியில் ஒரு கீறல். தலைமுடி அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மேஸ்திரியிடம் காட்டினேன். எண்ணெய் போட்டுத் துடை, தெரியாது என்றார். வெள்ளிக்கிழமை திரும்பக் காட்டினேன். உனக்குக் கண்ணு ஜாஸ்தி என்றார். தினமும் காலையில் நான் அதைக் கையால் தடவிப் பார்க்கிறேன். கீறல் என் நகத்தில் மாட்டுகிறது. இது அறும். என்றைக்கு என்று தெரியாது. அன்றைக்குக் கீழே நிற்பவன் யார் என்றும் தெரியாது." மேஸ்திரியின் பெயரும் அதில் இருந்தது. அவ்வளவுதான் கதை.

கீழே மூட்டை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. இவன் கதை சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. இதை நான் மறைக்கப் போவதில்லை. தோன்றியது.

பிறகு ஒவ்வொருவராக நல்ல வார்த்தை சொன்னார்கள். நகத்தில் மாட்டுகிறது என்ற இடம் பிரமாதம் என்று நான் சொன்னேன். கூட்டம் கலைந்ததும் டீச்சரிடம், "அது நிஜமாக இருக்குமோ?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "அதைத்தான சார் கேக்கக் கூடாதுன்னு வச்சிருக்கோம்" என்றார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. ஊருக்குப் புதியவன், இரண்டு வாரத்தில் கப்பலேறுகிறவன், எனக்கு எதற்கு வம்பு?

ஞாயிற்றுக்கிழமை சிங்காரவேலு என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். குப்பத்துக்கு நடந்தே போனோம். வலைகள் காய்கிற மணல், பனையோலை வீடுகள், அலைச் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்துப் பேசுகிற ஜனங்கள். அவர் மனைவி தனம்மா சுறாப்புட்டும் நெத்திலிக் குழம்பும் வைத்திருந்தாள். பினாங்கிலும் மீன் உண்டு. ஆனால் அலையிலிருந்து சட்டிக்கு நேராக வந்த மீனை நான் அன்றுதான் தின்றேன். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன், ரேஷன் அரிசி என்பதே மறந்துவிட்டது.

"படிச்சவங்கோ எங்கூட்ல வந்து துன்றது இதான் மொத தபா" என்றாள் தனம்மா. பிறகு, அவர் கை கழுவ எழுந்து போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். "காலைல கம்பெனி சங்கு ஊதுனா எனக்கு ஒரு வேல ஓடல சார். சாய்ந்தரம் அது வூட்டுக்குள்ள காலு வெச்சாதான் உசுரு வருது. சொன்னா கேக்க மாட்டேங்குது. நான் கட்ட மாட்டேன்னு சொன்னா, வாசல்ல பத்து பேரு நிக்கறான் கட்டறதுக்குன்றான் அந்த மேஸ்திரி. நீ படிச்ச ஆளு, இன்னா செய்யலாம் சொல்லு."

நான் வாயில் நெத்திலியோடு, "கவலைப்படாதீங்க, நல்லா எழுதுகிறார்" என்றேன்.

இப்படி ஒரு பதிலை நான் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மறுக்கிறது.

செவ்வாய்க்கிழமை கை கொடுக்கும் நாள். சிங்காரவேலுவின் காகிதத்தை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். வரதன் முதலில் கை போட்டார். "எல்லாம் ஷோக்கா கீது மாமு. கடசிதான் பேஜாரு. நாள் பூரா டிராம்ல நின்னுகினு வந்து இங்கயும் வவுத்த கலக்கினா எப்டி? மேஸ்திரி மனசு மாறி வேற சங்கிலி போட்டுட்டாருன்னு முடிச்சா இன்னா?"

மில் பெண்கள் இருவரும் அது நல்லது என்றார்கள். டீச்சருக்கும் முகம் மலர்ந்தது. படிக்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமா என்றார். மேஸ்திரி ஒரு நாள் காலையில் தானே வந்து, தன் தவற்றை உணர்ந்து, புதுச் சங்கிலியைக் கலாசியின் கையில் கொடுக்கிறார் என்று அழகாக நாலு வரி அவரே சொன்னார். சிங்காரவேலு பென்சிலைக் கீழே வைத்தார். "அப்டி நடந்தா நல்லாதான் இருக்கும் டீச்சர்" என்றார்.

அடுத்தது என் முறை. நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். மேஸ்திரியின் பெயரை அடித்தேன். செவ்வாய், வெள்ளி என்ற கிழமைகளை அடித்தேன். பதிமூணாவது கண்ணி என்பது ஒரு கண்ணி ஆயிற்று. முதல் வரியில் இருந்த நம்பரையும் அடித்தேன்.

"நம்பரு வேணாமா சார்?" என்றார் சிங்காரவேலு. "நம்பரு இருந்தாதான் அது அந்தச் சங்கிலி. இல்லாங்காட்டி ஏதோ ஒரு சங்கிலி."

"அதுதானே வேணும்?" என்றேன். எனக்குப் பிரசங்கம் பிடித்துக்கொண்டது. "ஏதோ ஒரு சங்கிலியாக இருந்தால்தான் படிக்கிற ஒவ்வொருத்தனும் தன் சங்கிலி என்று நினைப்பான். நம்பர் போட்டால் அது கம்பெனி ரிஜிஸ்தர் ஆகிவிடும். நம்பரை எடுத்தால்தான் இலக்கியம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வரதன் கையே தட்டினார். சிங்காரவேலு தன் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சம்மதமில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் அத்தனை பேர் அத்தனை பிரியமாகக் கை கொடுக்கும்போது ஒரு மனிதன் எப்படி மறுப்பான்? "நீங்க சொன்னா சரியாதான் சார் இருக்கும்" என்றார்.

என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் சுத்தப்படி எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு படி எடுத்தேன், ஒன்று கையெழுத்துப் பத்திரிகைக்கு, இன்னொன்று அவர் வீட்டில் வைத்துக்கொள்ள. இரண்டின் கீழும் அவர் மெல்ல, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு நான் பழைய காகிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். அச்சாபீசில் அதுதான் முறை. திருத்திய படியும் திருத்தாத படியும் ஒரே மேஜையில் கிடந்தால் கம்பாசிட்டர் தப்பான படியைக் கோத்துவிடுவான். பதினைந்து வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. மறுநாள் காலை கருப்பட்டி ஓலைகளோடு அந்தக் காகிதமும் அடுப்புக்குப் போனது.

அடுத்த நாலைந்து நாள் நான் ஊர் சுற்றினேன். எண்ணூர் வரை ரயிலில் போய் கழிமுகத்தில் உப்பளம் பார்த்தேன். திருவொற்றியூருக்குப் பஸ்ஸில் போனபோது, வழியில் சிங்காரவேலுவின் கம்பெனி மதில் தெரிந்தது. மதிலுக்கு மேல் கிரேனின் கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் அங்கே அரை மணி நேரம் நின்றது, டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். நாலு எட்டு நடந்திருந்தால் கேட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு வெளியூர் பத்திரிகைக்காரன் வந்து அந்தச் சங்கிலியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தால் ஏதாவது நடந்திருக்குமோ என்னவோ. நான் மோர் வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கிலி அறுந்தது. இரும்புத் தகடு விழுந்ததில் இன்னொருவருக்குக் கால் போயிற்று. சிங்காரவேலு அங்கேயே போய்விட்டார். டிராமிலிருந்து பாதி டூட்டியில் இறங்கி ஓடி வந்து வரதன்தான் சொன்னார். சொல்லிவிட்டு மிளகாய் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "நான்தான் மாமு கடசிய மாத்தச் சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் காசிமேட்டுச் சுடுகாட்டுக்குப் போனோம். குப்பமே வந்திருந்தது. கடலுக்குப் போகிறவன் திரும்பாமல் போவது அவர்களுக்குப் புதிதல்ல. கரையில் வேலை செய்தவன் இப்படிப் போனதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. "தண்ணியில போறவன் நானு, உசுரோட கீறேன். தரையில நின்ன தம்பி போயிட்டான்" என்று அவர் அண்ணன் சொல்லிச் சொல்லி அழுதார். நான் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றேன்.

செவ்வாய் வகுப்பு நடக்கவில்லை. வியாழக்கிழமை எல்லோரும் வந்து சேர்ந்தோம். ஆறரை மணிக்குத் தனம்மா படியேறி வந்தாள். கையில் என் அச்சுக் கையெழுத்தில் எழுதிய சுத்தப்படி.

நின்றபடியே சொன்னாள். கம்பெனியில் விசாரணை வைத்தார்களாம். ஒதுக்கிப் போட்ட பழைய சங்கிலியைச் சிங்காரவேலுவே தப்பாக எடுத்துக் கட்டிவிட்டார், தப்பு அவருடையது என்று மேஸ்திரி சொன்னாராம். இவள் விடவில்லை. என் புருஷன் இரண்டு தடவை சொன்னார், எல்லாம் எழுதி வைத்திருக்கிறார், மாடியில் படித்தவர்கள் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்த இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆபீசர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தாராம்.

"மேஸ்திரி வந்து புதுச் சங்கிலி குட்த்தாராம். தப்ப உணர்ந்துட்டாராம். உன் புருசனே எய்தி கையெய்த்து போட்டுகிறானே, இன்னாம்மா இதுன்னு கேக்கறாரு ஆபீசரு. அந்த மேஸ்திரி சிரிக்கிறான் சார். எம் மூஞ்சப் பாத்து சிரிக்கிறான்." தனம்மா காகிதத்தை எங்கள் நடுவில் போட்டாள். "இத்த யாரு எய்தினது?"

ஞானம் டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நான் போட்ட சட்டம்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கேக்க விடலியே" என்று தேம்பினார். வரதன் எழுந்து நின்று ஏதோ சொல்லப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான்மா எழுதினேன். நம்பரை அடித்ததும் நான்தான். மேஸ்திரி பெயரை எடுத்ததும் நான்தான். அவர் எழுதினதைக் கிழித்ததும் நான்தான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என்னையே பார்த்தாள். "அது உன்னப் பத்தி அம்மாம் சொல்லிகினு இருந்துச்சு" என்றாள். "மலாயாவுலருந்து வந்த சாரு என் எய்த்த திருத்திக் குட்த்தாருன்னு குப்பம் பூரா சொல்லிச்சு."

பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள். "இப்ப எய்து. நான் சொல்றேன். இன்னா நடந்துச்சோ அத்தயே எய்து."

எழுதினேன். சிங்காரவேலு முதலில் என்ன எழுதியிருந்தார், அதில் எதையெல்லாம் யார் மாற்றினோம் என்று வரி வரியாக எழுதினேன். மாடியில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கு ஒன்றை நினைவுபடுத்தினார்கள். மேஸ்திரியின் பெயர், செவ்வாய், வெள்ளி, பதிமூணாவது கண்ணி எல்லாம் வந்தது. நம்பர் மட்டும் வரவில்லை. யாருக்கும் நினைவில்லை. அது என் கண் முன்னால் இருந்தது, அதன் மேல் இழுத்த சிவப்புக் கோடும் நன்றாகத் தெரிந்தது, கோட்டுக்கு அடியில் இருந்த எண் தெரியவில்லை. நாலில் ஆரம்பிக்கும் என்று தோன்றியது. ஏழிலோ என்றும் தோன்றியது. ஏதாவது ஒன்றைப் போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

தனம்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெர்லன்னா தெர்லன்னு எய்து" என்றாள்.

நம்பர் எனக்கு நினைவில்லை, அதை அடித்தவன் நான், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்களும் போட்டார்கள்.

மறுநாள் காலை நானும் தனம்மாவும் பஸ்ஸில் கம்பெனிக்குப் போனோம். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். தொழிலாளர் விவகாரம் பார்க்கும் ஆபீசர் நல்ல படிப்பாளி. உட்காரச் சொன்னார், எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். இங்கிலீஷில்தான் பேசினார். "சங்கிலியின் நம்பர்?" என்றார். நினைவில்லை என்றேன். "மூலப் பிரதி?" கிழித்துவிட்டேன் என்றேன். "ஆக, முன்னால் ஒரு கதை எழுதினீர்கள். இப்போது இன்னொரு கதை எழுதியிருக்கிறீர்கள்" என்றார். கோபமில்லை, கேலியும் இல்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னார். மலாயாவுக்கு எப்போது கிளம்புகிறேன் என்று விசாரித்தார். திங்கட்கிழமை என்றேன். "நல்லது" என்றார். காகிதத்தைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். இந்த விஷயத்தை நாங்கள் முடிக்கவில்லை. அவள் புருஷன் கையெழுத்துதான் முடித்துவிட்டது."

வெளியே மதில் ஓரம் நிழல்கூட இல்லாத இடத்தில் தனம்மா நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொன்னாரு?" என்றாள்.

பார்க்கலாம் என்றார், யோசிப்பதாகச் சொன்னார், மேலே எழுதுவார்களாம் என்று எத்தனையோ நல்ல வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. அவள் அழாமல் வீட்டுக்குப் போவாள். நானும் திங்கட்கிழமை கப்பலேறிவிடுவேன். அந்தச் சொற்களை விழுங்கினேன். ஆபீசர் இங்கிலீஷில் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், தமிழில் அவளிடம் சொன்னேன்.

அவள் கேட்டாள். அழவில்லை. முந்தானையால் வாயை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

"இத்தயும் எய்து" என்றாள்.

"எதை?"

"இப்ப அவரு சொன்னத. மறந்துருவே நீ. இங்கயே நின்னு எய்து. அவரு பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினாள். திரும்ப உள்ளே போய், கதவில் அடித்திருந்த பலகையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு வந்தேன். தேதி கேட்டாள், எழுதினேன். மணி கேட்டாள், கேட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். எந்த அறை என்றாள், அதையும் எழுதினேன். அவளுக்கு ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கடைசிப் புள்ளி வைக்கிற வரைக்கும் வெயிலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.